ஒரு பெயர் எத்தனை தலைமுறை தாங்கும்?

இறம்பொடைப் பக்கத்து வங்கியிலோ தபாற்கந்தோரிலோ ஒரு பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் இரண்டு வகையான முதலெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும். கொத்மலைக் கிராமத்துச் சிங்களவர் ஒருவரின் பெயருக்கு முன்னால் எச்.எம். என்றிருக்கும். அடுத்த வரியில் தோட்டத்துத் தமிழர் ஒருவரின் பெயருக்கு முன்னால் கே. என்றிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே சங்கதிதான். எச்.எம்.மை விரித்தால் ஹேரத் முதியன்சலாகே என்று வரலாம். அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர், தாத்தாவுக்கும் அதே பெயர், அதற்கும் மேலே போனாலும் பெரும்பாலும் அதே பெயர். கே.யை விரித்தால் கருப்பையா என்றோ காளிமுத்து என்றோ வரும். அது அப்பாவின் பெயர், அவ்வளவுதான். அப்பாவின் முதலெழுத்து எஸ்.ஆக இருந்திருக்கும், தாத்தாவினுடையது வேறொன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு பிறப்பிலும் பழைய எழுத்து உதிர்ந்து புதிய எழுத்து வந்து உட்காருகிறது. அதனால்தான் லயத்தில் பிறந்த ஒருவரிடம் பூட்டனின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அவருடைய பெயர் அமைப்பில் பூட்டனுக்கு இடமே இல்லை.

இந்த வழக்கத்துக்குள் அடங்காத ஒரு பெயரும் இறம்பொடையிலேயே இருக்கிறது. வேவண்டன் தோட்டத்துத் தொண்டமான் குடும்பத்தின் பெயர் அது. இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூரிலிருந்து வந்து கங்காணியாகி, பிறகு அந்தத் தோட்டத்தையே வாங்கியவர் கருப்பையா தொண்டமான். அவருடைய மகன் சௌமியமூர்த்தி தொண்டமான் (1913–1999) 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனவர். அவருக்குப் பின் இராமநாதன் தொண்டமான், ஆறுமுகன் தொண்டமான் (1964–2020), இப்போது ஜீவன் தொண்டமான். மலையக வழக்கப்படி எழுதியிருந்தால் க. சௌமியமூர்த்தி, சௌ. இராமநாதன், இரா. ஆறுமுகன், ஆ. ஜீவன் என்று போயிருக்கும். முதல் ஆளையும் கடைசி ஆளையும் பக்கத்தில் நிறுத்தினாலும் ஒரே குடும்பம் என்று ஊகிக்க வழி இருந்திருக்காது. ஒரு பெயர் மாறாமல் நின்றதால் ஐந்து தலைமுறை ஒரே பார்வையில் தெரிகிறது.

மலையகத்தில் இப்படிப்பட்ட பெயர் அபூர்வம். அபூர்வமான குடும்பப்பெயர் ஒன்று எங்கிருந்து வருகிறது, ஏன் சில பெயர்கள் லட்சக்கணக்கில் பெருகும்போது சில பெயர்கள் ஒரு கையளவில் நிற்கின்றன, அந்த எண்ணிக்கை நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் அறிவியல் ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்ந்திருக்கிறது. அதற்கு மிக வாய்ப்பான களமாக அமைந்தது இத்தாலி.

இத்தாலியில் இந்த ஆய்வு தழைத்ததற்குக் காரணம் கோயில் ஏடுகள். 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கப் பங்குத்தந்தைமாருக்கு ஒரு கடமையை விதித்தது: ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் ஒவ்வொரு திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டும். பதிய வேண்டுமென்றால் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். ஊரில் பத்து ஜொவான்னி இருந்தால் எந்த ஜொவான்னி? செம்பட்டை முடிக்காரன் வீட்டு ஜொவான்னி ரொஸ்ஸி ஆனான், கொல்லன் வீட்டு ஜொவான்னி ஃபெராரி ஆனான். அடையாளத்துக்கு ஒட்டிய சொல் ஏட்டில் ஏறியதும் இறுகிப்போய்ப் பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. நாம் வீரமாமுனிவர் என்று அழைப்பவரின் பெயரில் இருக்கும் பெஸ்கியும் இப்படி இறுகிய வட இத்தாலியக் குடும்பப்பெயர்தான். அவர் 1680இல் மாந்துவாப் பக்கத்துக் காஸ்தில்யோனேயில் பிறந்தவர்.

இத்தாலியின் குடும்பப்பெயர்களை எண்ணினால் இலட்சக்கணக்கில் வரும். ரொஸ்ஸி நாடெங்கும் இருக்கிறது. ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் சில வீடுகளில் இருக்கும் பெயர்களோ ஏராளம். ஜெனோவாவில் பிறந்த பிறப்புரிமையியல் அறிஞர் லூக்கா கவல்லி-ஸ்ஃபோர்சாவும் பார்மாப் பிரதேசத்துக் குருவானவர் அந்தோனியோ மொரோனியும் பங்கு ஏடுகளையும், நெருங்கிய உறவுக்குள் கல்யாணம் செய்யத் திருச்சபை கொடுத்த அனுமதிக் கடிதங்களையும் வரிசை வரிசையாகப் படித்தார்கள். பின்னால் வந்தவர்கள் தொலைபேசி விபரக்கொத்துகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெயர் எந்த ஊரில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரைபடத்தில் புள்ளி வைத்தால் அபூர்வப் பெயர்கள் சிதறி விழுவதில்லை, ஓரிடத்தில் குவிகின்றன. மையத்திலிருந்து விலக விலகப் புள்ளிகள் ஐதாகின்றன. அந்த மையத்தில்தான் பெயரின் முதல் வீடு இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். பிறகு அந்த ஊரின் பழைய ஏட்டைப் பிரித்துப் பார்த்து ஊகத்தைச் சோதிக்கிறார்கள்.

பரவலான பெயர்களில் இந்த முறை எடுபடாது. ரொஸ்ஸிக்கு ஒரு மையம் கிடையாது. செம்பட்டை முடி எந்த ஊரில்தான் இல்லை? நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் அதே பெயரைத் தனித்தனியாகப் பெற்றன. நாபொலியில் பரவலாக இருக்கும் எஸ்பொசித்தோ இன்னும் தெளிவான உதாரணம். அநாதை இல்லத்தின் வாசலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இட்ட பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய முதல் பிள்ளைகளுக்குள் இரத்த உறவே இல்லை. இலங்கையில் இருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பெரேராவும் பெர்னாண்டோவும் சில்வாவும் போர்த்துக்கீசர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள். நீர்கொழும்பு பெர்னாண்டோவுக்கும் மன்னார் பெர்னாண்டோவுக்கும் உறவு இருக்க வேண்டியதில்லை, இருவருக்கும் லிஸ்பனில் ஒரு பாட்டன் இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே பெயர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்வது வசதி. ஒரே வீட்டில் தொடங்கியவை ஒருமூலப் பெயர்கள். பல வீடுகளில் தனித்தனியாகத் தொடங்கியவை பலமூலப் பெயர்கள். அபூர்வமான பெயர் ஒருமூலமாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும், உறுதி இல்லை.

உறுதி இல்லை என்பதற்குத் தொண்டமானே உதாரணம். மலையகத்தில் ஒரு குடும்பத்தோடு சேர்ந்தே அறியப்பட்டதால் இங்கே ஒருமூலமாகத் தெரிகிறது. பாக்கு நீரிணையைத் தாண்டினால் கதை வேறு. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், காஞ்சியை ஆண்டவன். கலிங்கத்துப்பரணியில் வரும் கருணாகரத் தொண்டைமான் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன். பிறகு அறந்தாங்கியில் ஒரு தொண்டைமான் மரபு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 1948 வரை புதுக்கோட்டையை ஆண்டது இன்னொரு தொண்டைமான் மரபு. கள்ளர் சமூகத்தில் தந்தைவழியாக வரும் எண்ணற்ற பட்டப்பெயர்களில் தொண்டைமானும் ஒன்று. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆட்கள் பூண்ட பட்டம் அது. அந்தப் பெயர் ஒருவரிடம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவர் இன்ன தொண்டைமானின் வம்சம் என்று முடிவு கட்ட முடியாது. எழுத்தும் வழியில் மாறியிருக்கிறது. அங்கே தொண்டைமான், இங்கே தொண்டமான். உயிரினங்களில் விகாரம் ஏற்படுவதுபோல் பெயர்களிலும் எழுதுவோர் கையில் விகாரம் ஏற்படுகிறது. இத்தாலிய அபூர்வப் பெயர்களிலும் பல, பரவலான பெயர் ஒன்றை ஒரு பங்கு ஏட்டில் யாரோ வேறு மாதிரி எழுதியதால் பிறந்தவைதான். பெரிய பெயரிலிருந்து கிளைவிட்ட சிறிய பெயர்கள் அவை.

பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தோம். எப்படிச் சாகிறது என்பதில்தான் கணிதம் வருகிறது. எனக்கு இந்தப் பகுதிமேல் தனிப் பிரியம் உண்டு.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பழைய பிரபு குடும்பங்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அற்றுப்போயின. சுகபோகத்தில் வாழ்வோருக்குப் பிள்ளைப்பேறு குன்றும் என்று பலர் காரணம் சொன்னார்கள். ஃபிரான்சிஸ் கால்ட்டனுக்கு ஒரு சந்தேகம். எந்தக் குறையும் இல்லாத, சராசரியான குடும்பங்களின் பெயர்களும் வெறும் தற்செயலால் இப்படி அற்றுப்போகுமோ? அவர் 1873இல் இதை ஒரு கணக்காக வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற குருவானவர் விடை அனுப்பினார். இன்று இதைக் கால்ட்டன்–வாட்சன் கிளைப்பு முறை என்கிறார்கள்.

கணக்கைச் சமன்பாடு இல்லாமலே பார்க்கலாம். ஒரு மலைச்சரிவில் 1000 ஆண்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெயர், அந்தப் பெயர் மகனுக்கு மட்டும் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மகனே இல்லாமல் போகலாம், ஒருவருக்கு மூன்று மகன் இருக்கலாம். சராசரி சரியாக ஒன்று. ஆகவே மக்கள்தொகை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எல்லாம் தற்செயல்படி நடக்கிறது. அடுத்த தலைமுறையில் எத்தனை பெயர் மிஞ்சும்? ஏறத்தாழ 368 பேருக்கு மகன் இல்லாமல் போயிருக்கும். முதல் படியிலேயே மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. இரண்டாம் படியில் மிஞ்சுபவை 469. நான்காம் படியில் 312. பத்தாம் படியில் 158. ஆட்கள் அதே 1000 பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்த 158 பெயர்களை அவர்கள் பகிர்ந்துகொள்வார்கள், பெயருக்குச் சராசரி ஆறு பேருக்கு மேல்.

இதில் யாரும் வலியவர் இல்லை, யாரும் மெலியவர் இல்லை. பெருகிய பெயருக்குரிய வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை, அழிந்த பெயருக்குரிய வீட்டில் குறையும் இல்லை. மகள்கள் மட்டும் பிறந்த வீட்டின் வம்சம் அற்றுப்போகவில்லை, பெயர் மட்டுமே அற்றது. ‘ஆண் வாரிசு இல்லாததால் வம்சம் நின்றுவிட்டது’ என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் பேச்சை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டு மகள்களின் பிள்ளைகள் உயிரோடு வேறு பெயர்களில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கருப்பையா தொண்டமானிலிருந்து ஜீவன் தொண்டமான் வரை நான்கு படி. 1000க்கு 312 பெயர் தாண்டும் படி அது. மலையகத்தில் அந்தக் குடும்பத்தின் பெயர் நின்றதற்குக் காரணம் இயற்கை அதற்குக் காட்டிய சலுகை அல்ல. பெயரை மாறாமல் எழுதும் வழக்கத்தை அந்தக் குடும்பம் கைக்கொண்டதுதான் காரணம். மற்ற வீடுகளில் முதலெழுத்து மாறுவதால் எல்லாப் பெயரும் முதல் படியைத் தாண்டியதும் மறைந்துவிடுகின்றன.

வாட்சன் தன் விடையில் ஒரு பிழை விட்டார். மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்தாலும் எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று முடிவு செய்தார். அது சரியல்ல. ஒவ்வொரு தலைமுறையும் ஐந்தில் ஒரு பங்கு பெருகினால் 1000 பெயர்களில் ஏறத்தாழ 314 நிரந்தரமாகத் தப்பிவிடும். இதைச் சரியாகச் சொன்ன பிரெஞ்சுக்காரர் பியெனெமே அதை 1845லேயே சொல்லியிருந்தார். அவருடைய குறிப்பு 1970கள் வரை யார் கண்ணிலும் படவில்லை. இடையில் இந்தக் கணக்கைத் திரும்ப எழுப்பியவர் டென்மார்க்கின் தொலைபேசிப் பொறியியலாளர் ஏர்லாங். அவருடைய தாய் பிறந்த குடும்பத்தின் பெயர் கிராருப், அது அற்றுப்போகும் நிலையில் இருந்தது. 1929இல் ஏர்லாங் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நாட்டவரான ஸ்டெஃபென்சன் முழு விடையை வெளியிட்டார். தாய்வீட்டுப் பெயர் தேய்வதைக் கண்ட ஒருவரின் கவலை இன்று அணுக்கருப் பிளவையும் கொள்ளைநோய்ப் பரவலையும் கணிக்கும் கணிதத்துக்கு உதவியிருக்கிறது.

தற்செயல் நீண்ட காலம் வேலை செய்தால் பெயர்கள் குறைந்து, மிஞ்சியவை பெருகும். குடும்பப்பெயர் மிகப் பழமையான சீனாவில் வாங், லீ, சாங் என்ற மூன்றே பெயர்களில் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள். கொரியாவில் கிம், லீ, பாக் மூன்றும் சேர்ந்தால் மக்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கொரியாவில் சாதாரண மக்கள் பிற்காலத்தில் பிரபுக்களின் பெயரை எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம், முழுவதையும் தற்செயலின் தலையில் கட்டக் கூடாது. ஜப்பானில் சாதாரண மக்களுக்குக் குடும்பப்பெயர் கட்டாயமானது 1875இல்தான். அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தாய்லாந்தில் 1913இல் வந்த சட்டம் உறவில்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பெயரை வைக்கக் கூடாது என்றது. அதனால் தாய்லாந்துப் பெயர்களில் பெரும்பாலானவை அபூர்வப் பெயர்கள். பெயர் வழக்கம் எவ்வளவு இளையதோ அவ்வளவு பெயர்கள் தப்பியிருக்கும்.

ஒரே பெயர்க்காரர்கள் உண்மையில் உறவினரா என்று சோதிக்க ஏடு மட்டும் போதாது. இதற்கு உடலுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆண்களிடம் மட்டும் இருக்கும் வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போகிறது. மற்ற நிறமூர்த்தங்கள் எல்லாம் தாயினுடையதும் தந்தையினுடையதும் கலந்து வருபவை. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கைப்பழக்கம். விதையில் முளைத்த பழைய தேயிலை மலையில் ஒரு செடியைப்போல் இன்னொன்று இருக்காது, இலையின் நிறம், தளிரின் பருமன் எல்லாம் வேறுபடும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025ஆம் இலக்க வி.பி. தேயிலை நட்ட மலையில் எந்தச் செடியைப் பார்த்தாலும் ஒரே தாய்ச்செடியின் துண்டு. வை நிறமூர்த்தம் வி.பி.யைப்போல, ஏனையவை விதைத் தேயிலையைப்போல.

குடும்பப்பெயரும் தந்தை வழி, வை நிறமூர்த்தமும் தந்தை வழி. இரண்டும் ஒன்றாகப் பயணம் செய்தால் ஒரே பெயர்க்காரர்களின் வை நிறமூர்த்தம் ஒத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 40 பெயர்களை எடுத்து, அவற்றைத் தாங்கிய 1678 ஆண்களைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித் என்ற பெயருள்ள இருவர் தெருவில் போகும் யாரோ இருவரைவிட ஒத்திருக்கவில்லை. கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான், அது பலமூலப் பெயர். அட்டன்பரோ போன்ற அபூர்வப் பெயர்களில் பெரும்பாலோரிடம் ஒரே வகை நிறமூர்த்தம் இருந்தது. பெயர் எவ்வளவு அபூர்வமோ ஒற்றுமை அவ்வளவு அதிகம். இத்தாலிய ஆய்வாளர்கள் வரைபடத்தில் புள்ளி வைத்துச் சொன்னதை உடல் உறுதிப்படுத்தியது.

அபூர்வப் பெயர்களிலும் சிலர் ஒத்துவராமல் நின்றார்கள். அவர்களுடைய குடும்பத்தில் எங்கோ ஒரு கட்டத்தில் பெயர் ஒரு வழியிலும் இரத்தம் இன்னொரு வழியிலும் போயிருக்கிறது. தத்து, தாயின் பெயரைப் பிள்ளைக்கு இடுதல், மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்று காரணம் பல. நமக்குத் தெரிந்த சரித்திரத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டை ராஜா இராமச்சந்திர தொண்டைமானுக்கு ஆண் வாரிசு இல்லை. மூத்த மகளின் மகனான மார்த்தாண்ட பைரவரைச் சுவீகாரம் எடுத்தார். 1886இல் பாட்டன் இறந்ததும் அந்தப் பேரன் தொண்டைமான் என்ற பெயரில் ராஜாவானார். பெயர் தொடர்ந்தது, இரத்தமும் தொடர்ந்தது, ஆனால் மகள் வழியாக. வை நிறமூர்த்தம் அந்த இடத்தில் மாறியது. அந்த ராஜா 1915இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். மகன் சிட்னி தொண்டைமான் அப்பாவின் பெயரையும் நிறமூர்த்தத்தையும் பெற்றார், அரியணை கிடைக்கவில்லை. ராஜ்யம் வேறு கிளையைச் சேர்ந்த ராஜகோபால தொண்டைமானுக்குப் போனது. பெயர், இரத்தம், சொத்து மூன்றும் மூன்று பாதையில் பிரிந்து நடந்ததை இரண்டே தலைமுறையில் இங்கே பார்க்கலாம்.

குடும்பப்பெயரை வைத்து உறவுத் திருமணத்தை அளக்கவும் ஒரு முறை இருக்கிறது. அதைத் தொடங்கியவர் சார்ல்ஸ் டார்வினின் மகன் ஜோர்ஜ் டார்வின். இங்கிலாந்தில் எத்தனை பேர் நெருங்கிய உறவுக்குள் மணக்கிறார்கள் என்று அறிய விரும்பிய அவர், மணமகனும் மணமகளும் ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்களாக இருக்கும் திருமணங்களைப் பதிவுகளில் எண்ணினார். தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட அது எவ்வளவு கூடுதல் என்று கணக்கிட்டு 1875இல் வெளியிட்டார். ஒருபெயர் மணம் என்று இதை அழைக்கலாம். பிற்காலத்தில் இது உலகெங்கும் பிறப்புரிமையியலாளர்களின் கருவியானது.

இந்தக் கருவியை இறம்பொடைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? எல்லாருக்கும் குடும்பப்பெயர் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பெரியப்பா, சித்தப்பா மகள் அதே குடும்பப்பெயர்க்காரி, அவள் நமக்குத் தங்கை முறை, கட்ட முடியாது. மாமன் மகளும் அத்தை மகளும் கட்டிக்கொள்ளும் முறை, அவர்களுடைய குடும்பப்பெயர் நம்முடையதாக இருக்கவே முடியாது. ஆக, உறவுக்குள் எவ்வளவு கல்யாணம் நடந்தாலும் ஜோர்ஜ் டார்வினின் அளவுகோல் பூச்சியம் காட்டும். பங்காளி முறையும் மாமன் மச்சான் முறையும் பிரிந்து நிற்கும் ஒரு சமூகத்தில் அந்தக் கருவி குருடு. அவருடைய சொந்த வீட்டையே அது கண்டிருக்காது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அவருடைய தாய் எம்மா வெட்ஜ்வுட், சார்ல்ஸ் டார்வினின் தாயாருடைய சகோதரனின் மகள். நம் கணக்கில் டார்வின் சொந்த மாமன் மகளைக் கட்டியவர். டார்வின், வெட்ஜ்வுட் என்று பெயர் இரண்டாக இருப்பதால் அந்தக் கல்யாணம் மகனின் எண்ணிக்கைக்குள் நேரடியாக வந்திருக்காது.

ஒரு மக்கள் கூட்டத்துக்கு நிலையான பெயர் இல்லாவிட்டால் அதன் பூர்வீகத்தை எதை வைத்து அறிவது? மலையகத்துக்கு முதலில் கிடைப்பது காகிதம், காகிதத்துக்கும் முன்னால் உலோகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்கு டின் டிக்கெட் என்ற சிறிய வில்லை கொடுக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோகத்தில் போக வேண்டிய தோட்டத்துக்கான எழுத்தும் ஆளுக்கான இலக்கமும் குத்தப்பட்டிருக்கும். பெயர் இருக்காது. தோட்டம் மாறும்போது கையில் வந்தது துண்டு. கடன் எவ்வளவு, யாரிடம் என்பதைச் சொல்லும் அந்தக் காகிதம் 1921இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும் தொடர்ந்தது செக்ரோல். யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று நாள்தோறும் குறித்த அந்த ஏட்டில் ஆங்கிலத்தில் கங்காணியின் பற்று, ஆளின் இலக்கம், கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு பெயர். கருப்பையாவும் கருப்பனும் கறுப்பாயியும் ஒரே குடும்பத்து மூன்று வரிகளா, வேறு வேறு குடும்பமா என்று அந்த ஏடு சொல்லாது. இத்தாலியப் பங்கு ஏட்டைப்போல இது உறவைப் பதிய உண்டான ஏடு அல்ல, கூலியைப் பதிய உண்டானது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இந்தக் காகிதக் குறை வாழ்க்கைப் பிரச்சினையானது. தந்தை இங்கே பிறந்தார் என்று காட்டு, இல்லையென்றால் தந்தைவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது சட்டம். தாத்தாவின் பெயரே தன் பெயரில் இல்லாத ஒருவர், எழுத்துக் கூட்டல் ஒவ்வொரு தாளிலும் வேறாக இருக்கும் ஒருவர், எதைக் காட்டுவார்? பரம்பரைப் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியவருக்கு இருக்கும் வசதி அவருக்கு இல்லை. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. பெயர் அமைப்பு வேறாக இருந்தது ஒரு மக்களின் குற்றமாகாது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணாக வைத்துப் பேசியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பிறகு பார்ப்போம் என்றது. போனவர்களில் பலர் கோத்தகிரி, கூடலூர் பக்கத்துத் தேயிலைக் காடுகளில் குடியேறினார்கள். பெயர்க் கணக்கில் ஒருவர் ஊரைவிட்டுப் போவதும் மகனில்லாமல் இறப்பதும் ஒரே விளைவைத்தான் தரும். அந்த ஊரில் அந்தத் தொடர் நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மலையகத்தில் ஒன்று தந்தை வழியாக மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. குலதெய்வம். பூட்டனின் பெயர் தெரியாத வீட்டில்கூட ‘எங்களுக்கு இன்ன கருப்பர், இந்தியாவில் இன்ன ஊர்ப் பக்கம்’ என்று சொல்ல ஒரு கிழவியாவது இருப்பார். ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தேயிலை மலையில் ஒரு மரத்தடியில் நட்ட சாமிகள் அவை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுபவர்கள் பங்காளிகள், தங்களுக்குள் பெண் எடுப்பதில்லை. தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது, கல்யாண எல்லையைக் காட்டுகிறது, மூலஊரைச் சுட்டுகிறது. குடும்பப்பெயர் இத்தாலியில் செய்யும் வேலை முழுவதையும் இங்கே குலதெய்வம் செய்துகொண்டிருக்கிறது. கால்ட்டன்–வாட்சன் கணக்கு இதற்கும் பொருந்தும், ஒருமூலம், பலமூலம் என்ற பிரிவும் பொருந்தும். பரவலான முனியாண்டியும் மாரியம்மனும் பலமூலம், ரொஸ்ஸியைப்போல எதையும் நிரூபிக்காது. ஓர் ஊரின் பெயரோடு மட்டும் சேர்ந்து வரும் அபூர்வமான சாமிப் பெயர்தான் பூர்வீகத்தைக் காட்டக்கூடியது.

இதை எண்ணத் தொடங்க ஆய்வுகூடம் வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் நான்கு நிரல் போட்டால் போதும்: தாத்தாவின் பெயர், அவர் முதலில் பேர் பதிந்த தோட்டம், இந்திய ஊர், குலதெய்வம். முதியவர்கள் சொல்லும் ஊர்ப் பெயரைத் திருத்தாமல், சொன்ன உச்சரிப்பிலேயே எழுத வேண்டும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபின் எங்கெங்கோ கிடக்கும் பழைய செக்ரோல்களை இந்தக் கொப்பியோடு ஒப்பிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கல்யாணமான பெண்ணிடம் கேட்டால் புருஷன் வீட்டுச் சாமியைத்தான் சொல்வார். அவர் பிறந்த வீட்டுச் சாமியையும் தனியாகக் கேட்டு, ஐந்தாவது நிரலில் எழுதிக்கொள்ள வேண்டும்.